எம்புதா, எம்பதா

என் சன்னாசி மாப்ள,

இடது காதை இந்தப் பக்கம் கொடு. வலது பக்கம் நின்று பேசினால் உனக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. ரைஃபிள் கிளப்பில் ஆண்டு மலர் போடுகிறார்கள். செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, சன்னாசியப் பத்தி நீங்க எழுதுனாத்தான் நல்லாருக்கும். பெருசா வேணாம். நல்ல மனுசன், நல்ல ஜோடி, அம்புட்டுத்தான்" என்றார். சரி என்று தலையாட்டி அனுப்பினேன். நல்ல மனுசன் என்று எழுதினேன். நல்ல ஜோடி என்று எழுதப் போனபோது கை ஓடவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவர் போட்டால் போடட்டும், போடாவிட்டால் என் செலவில் அச்சடித்துக் கொடுப்பேன்.

படிக்கிறவர்களுக்காக ஒன்றிரண்டு வரி சொல்லிவிடுகிறேன், நீ செத்த நேரம் பொறு. நான் திண்டுக்கல்லில் பைப்பும் மோட்டாரும் விற்கிற பெருமாள். சைக்கிளில் பைப்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆரம்பித்தவன். இன்று மூன்று ஷட்டர் கடை. நீ பூ மார்க்கெட்டில் சம்பங்கியும் மல்லியும் ஏலத்தில் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவன். நமக்குள் சொந்தம் கிடையாது. ஆனாலும் நான் உனக்கு மாப்ள, நீ எனக்கு மாப்ள. உன் வீட்டுக்காரம்மா எனக்குத் தங்கச்சி. உன் மகள் கயலுக்கு நான் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெட்டியார்சத்திரம் தாண்டி, கரட்டு அடிவாரத்தில் இருக்கிற கிளப் மைதானத்துக்குப் போவோம். நான் குப்புறப் படுத்துச் சுடுவேன். நீ என் இடது பக்கம் பாய் விரித்துப் படுத்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, குண்டு எங்கே பட்டது என்று சொல்வாய்.

"மூணு மணிக்கு ஒம்போது மாப்ள" என்பாய். இலக்கு அட்டையைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணி முள் காட்டுகிற திசையில், ஒன்பதாம் வளையத்தில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நீ ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. "பூவோட இருக்கிறவனுக்கு எதுக்குலே துப்பாக்கி? நீ சுடு, நான் பொய் சொல்லாமச் சொல்றேன்" என்பாய்.

போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாய். கடையில் லாரியிலிருந்து பைப் இறக்கும்போது ஒரு முனை தரையில் அடித்தால் போதும், இடது பக்கமிருந்து உன் குரல் வந்துவிடும். இரண்டு மாசத்துக்கு முன்னால் தோட்டம் வைத்திருக்கிற ஒரு சம்சாரிக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே கம்பி விழுந்தது. "பத்து மணிக்கு எட்டு" என்றாய். பில்லில் எட்டு என்று எழுதிவிட்டேன். அவர் கேட்டது ஆறு பைப். "என்னண்ணே, ரெண்டு கூடப் போட்டுட்டீக?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பைப் ஒட்டுகிற பிசின் டப்பாக்கள்தான் அடுக்கியிருந்தன. நான் எதைத்தான் எதிர்பார்த்துத் திரும்பினேன் மாப்ள?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும்.

ஆத்தூரில் ஒரு போர்வெல்லிலிருந்து மோட்டாரை மேலே இழுத்தபோது சங்கிலி நழுவி, கப்பியின் கைப்பிடி என் வலது தோளெலும்பை உடைத்தது. எலும்பு சேர்ந்தது. ஆனால் பெரிய ரைஃபிளின் கட்டை வந்து உதைக்கிற இடமும் அதுவேதான். ஆறு தோட்டா சுட்டால் கண்ணில் தண்ணீர் முட்டும். அடுத்த தோட்டாவுக்கு முன்னாலேயே உடம்பு பயந்து சுருங்கும். கை ஆடும், புள்ளி போகும். விட்டுவிடு என்றாய் நீ. எனக்கு எதையும் விட்டுப் பழக்கமில்லை.

அப்போதுதான் வெளியூர்க்காரர் ஒருவர் கிளப்பில் மஸில் பிரேக்கைக் காட்டினார். குழலின் முனையில் திருகி மாட்டுகிற விரல் நீள இரும்புக் குழாய். இரண்டு பக்கமும் பிளவு. குண்டு நேராகப் போய்விடும். அதைத் தள்ளிவந்த வாயு மட்டும் அந்தப் பிளவுகளில் மோதிப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்து பீறிடும். அப்படிப் பீறிடும்போது துப்பாக்கியை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும். தோளுக்கு வருகிற உதை பாதிக்குமேல் குறையும், முனையும் மேலே எம்பாது.

"ஏலே, துப்பாக்கிக்குப் பிரேக்கா? அப்ப கிளட்ச்ச எங்க மிதிப்ப?" என்று நீ கேட்டதில் மொத்தக் கிளப்பும் சிரித்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் அது பைப் வேலை. ஞாபகம் இருக்கிறதா, கொசவபட்டிப் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் புது மோட்டார் ஓட்டிக் காட்டியபோது ஓஸ் குழாய் பாம்பு மாதிரித் துள்ளித் தோட்டக்காரர் மார்பில் அடித்தது. நான் முனையில் ஒரு டீ ஜாயின்ட்டை மாட்டினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. குழாய் அசையாமல் கிடந்தது. பூ எடை பார்க்க வந்து பக்கத்தில் நின்ற நீ தலையோடு கால் நனைந்தாய். "அவருக்கு அடி நின்னுச்சு, எனக்கு வேட்டி நனைஞ்சிருச்சு. ஒன் வைத்தியம் நல்லாருக்கு மாப்ள" என்றாய்.

அன்று நீ நகைச்சுவைக்குத்தான் சொன்னாய். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் உள்ள கடையில், முறையான காகிதத்தோடு பிரேக்கை மாட்டினேன். பெரிய போட்டிகளில் அதை அனுமதிக்க மாட்டார்கள் என்று முதலிலேயே சொன்னார்கள். எனக்குப் பெரிய போட்டி எதற்கு? கிளப் கேடயம் போதும். முதல் ஞாயிறு முதல் தோட்டா. தோளில் யாரோ தட்டிக் கூப்பிட்டது போலத்தான் இருந்தது. சுடுகிறவனுக்கு முனை எம்பியதா இல்லையா என்று சரியாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவன்தான் பார்க்க வேண்டும். "எம்புதா?" என்று கேட்டேன். "எம்பல மாப்ள. கட்டிப் போட்ட பசு மாதிரி நிக்குது" என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்தக் கேள்வி என் வாயில் ஒட்டிக்கொண்டது. எம்புதா? எம்பல. எம்புதா? எம்பல.

எனக்கு அருகே சுட்டவர்கள் சும்மா இருப்பார்களா? "காதுக்குள்ள அணுகுண்டு வெடிக்குது, அவர எந்திரிக்கச் சொல்லுங்க" என்று ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி கத்தினார். பிரேக்கைக் கழற்றுங்கள் என்றார் செயலாளர். நான் வியாபாரி. கிளப் கிணற்றில் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்து மாதக்கணக்கில் கிடந்தது எனக்குத் தெரியும். மறு வாரமே புது மோட்டார் இறக்கி, மரத்துக்கு மரம் பைப் போட்டுக் கொடுத்தேன். இடதுகோடியில் மதில் சுவரை ஒட்டிய கடைசி இடத்தை எனக்கு ஒதுக்கினார்கள். என் வலது பக்க இடம் காலியாகக் கிடக்கும். இடது பக்கம் சுவர்தான். நல்ல பேரம் முடித்துவிட்டேன் என்று வீட்டில் போய்ப் பெருமையடித்தேன்.

எனக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நீ படுத்திருந்தாய். வெடிப்பு உன் வலது காதில் ஒரு தரம் அடித்து, சுவரில் முட்டித் திரும்பி வந்து இன்னொரு தரம் அடித்தது. எல்லார் காதையும் கணக்கில் எடுத்த நான் உன் காதை எப்படி விட்டேன்? நீ எனக்கு ஆள் மாதிரியே தெரியவில்லையா? என் துப்பாக்கியில் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டாயா?

இதைவிட மோசமானதும் உண்டு. உனக்குக் காதுமூடி இருந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் நான் முணுமுணுப்பது உனக்குக் கேட்காது. ஒரு நாள் மூன்று முறை "எம்புதா" என்று கேட்டும் நீ பேசவில்லை. எனக்கு மூச்சுக் கணக்கு தப்பிவிட்டது. "ஏலே, அத ஒரு பக்கமாவது தள்ளி விடேன். கத்திக் கத்தி என் குறி போகுது" என்று சத்தம் போட்டேன். நீ மறுவார்த்தை பேசாமல் வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளினாய். அடுத்த ஞாயிறு நான் சொல்லாமலே தள்ளிக்கொண்டாய். அதற்கடுத்த ஞாயிறும்.

எத்தனை ஞாயிறு என்று எண்ணவில்லை. ஒரு நாள் நான், "எம்புதா?" என்றேன். நீ தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம்பதா? எவன் சொன்னான்? இதோட தொண்ணூத்தி மூணு மாப்ள" என்றாய். துப்பாக்கி எம்புகிறதா என்று நான் கேட்டது உனக்கு எண்பதா என்று கேட்டிருக்கிறது. பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முதல் கிளப்பில் உனக்குப் பெயரே எம்பது. "எம்பது வந்தாச்சா? எம்பதுக்கு ஒரு டீ சொல்லு." நீயும் சேர்ந்து சிரித்தாய். நானும் உன்னை அப்படிக் கூப்பிட்டேன்.

பூ மார்க்கெட்டில் அது சிரிப்பாக முடியவில்லை. ஏலத்தில் சம்பங்கியை எவனோ அம்பது என்று கேட்டான். உனக்கு எம்பது என்று விழுந்தது. நீ எம்பத்திரண்டு என்று குரல் கொடுத்தாய். மார்க்கெட்டே திரும்பிப் பார்த்ததாம். "சன்னாசிக்கு எங்கயோ பெரிய கல்யாண ஆர்டர் மாட்டியிருக்குடோய்" என்று ஒருவன் கிண்டலடிக்க, நீயும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி அந்த மூட்டைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். இல்லாத கல்யாணத்துக்கு வாங்கிய பூவை, நீயும் தங்கச்சியும் கோயில் கோயிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். எனக்குக் கூடையோடு வந்தது. "என்ன விசேசம்?" என்றேன். "சும்மாதான்" என்றாய்.

விஷயம் வேனில்தான் வெளியே வந்தது. கிளப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், நீ இடது சீட்டில். உன் வலது காது என் பக்கம். நான் ஏதோ முக்கியமான விஷயம் பேசிக்கொண்டே வந்தேன், நீ ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏலே, ஒங்கிட்டத்தான பேசுறேன், செவுத்துகிட்டயா பேசுறேன்?" என்று தோளில் குத்தினேன்.

"வண்டிய ஓரங்கட்டு மாப்ள."

புளியமரத்தடியில் நிறுத்தினேன். நீ இறங்கி வண்டியைச் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றாய். உன் இடது காது என் பக்கம் வந்தது.

"இப்பப் பேசு. அந்தக் காது போயிருச்சு."

"போயிருச்சுன்னா?"

"போயிருச்சுன்னா போயிருச்சு. டாக்டர்ட்ட காட்டிட்டேன். நரம்பு செத்துருச்சாம், திரும்பாதாம். வெளிய மூச்சு விட்றாத. ஏலம் கேக்குறவனுக்குக் காது இல்லன்னு தெரிஞ்சா மார்க்கெட்ல வேணும்னே வெலைய மாத்திச் சொல்லுவாய்ங்க. வீட்டுலயும் தெரிய வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். "எதனாலயாம்?" என்று கேட்டேன்.

நீ வேனின் பின்சீட்டைப் பார்த்தாய். ரைஃபிள் பெட்டி அங்கே இருந்தது. ஒரு நொடிதான். பிறகு, "எதனாலயோ. எறங்கு, நான் ஓட்டுறேன்" என்றாய். அன்றிலிருந்து என் வேனை நீதான் ஓட்டினாய். ரோட்டில் நடந்தாலும் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்துவிடுவாய். பார்த்தவர்கள், பெருமாளுக்கு டிரைவர் வேலை பார்க்கிறான் சன்னாசி என்றார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

இப்போது நான் சொல்லப் போவதைத்தான் ஒரு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் பிரேக்கைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. கேடயப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு ஒப்புக்குக் கேட்டேன்: "மாப்ள, நீ வேணா தள்ளி ஒக்காரேன்." நீ பாயை அதே இடத்தில் விரித்தாய். "செத்த காதுக்கு இனி என்ன பயம்? நீ சுடு" என்றாய். சுட்டேன். கேடயம் வாங்கினேன். கடையில் பிசின் டப்பாக்களுக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. துடைப்பதில்லை.

பிறகு அந்த நாள். பூ மார்க்கெட்டிலிருந்து எதிரே டீக்கடைக்குப் போக ரோட்டைக் கடந்தாய். வலது பக்கமிருந்து பால் வண்டி வந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அந்த டிரைவர் கைகட்டி நின்றிருந்தான். சாணார்பட்டிக்காரன், வேலுச்சாமி என்று பெயர். சட்டை கிழிந்திருந்தது, அதற்குள் யாரோ அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "அண்ணே, மூணு தடவ ஹாரன் அடிச்சேண்ணே. அவர் திரும்பவே இல்லண்ணே" என்றான். நான் ஓங்கி அறைந்தேன். "பொய் சொல்றியா?" என்றேன்.

அவன் பொய் சொல்லவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான் மாப்ள. அதனால்தான் அவ்வளவு பலமாக அறைந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஹாரன் அடிக்காமல் வந்து ஏற்றிவிட்டான் என்று. உன் வீட்டிலும் அதைத்தான் நம்புகிறார்கள். வழக்கு நடக்கிறது. நான் சத்தியத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். யாரைக் காப்பாற்றினேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடைக்கு ஒருவன் வந்தான். நான் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஃபுட் வால்வு ஒண்ணு வேணுண்ணே. ரெண்டு இஞ்ச்."

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தேன். வேலுச்சாமி. முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"வண்டி ஓட்டலையா?"

"யாரும் ஏத்த மாட்டேங்குறாங்கண்ணே. கெணத்துல தூரு வார்ற வேலைக்குப் போறேன்."

கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டுகிற அந்த வால்வை எடுத்து வைத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமாண்ணே? நீங்க அடிச்சதப் பத்தி இல்ல. அது போகுது." அவன் வால்வைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "அவருக்குக் காது நல்லாக் கேக்குமாண்ணே?"

நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன்.

"மூணு தடவ அடிச்சேண்ணே. திருப்பத்துல ஒண்ணு, கிட்ட வந்து ரெண்டு. ஓரத்துல படுத்திருந்த நாயி எந்திரிச்சு ஓடுச்சு. அவர் திரும்பல. வேகமாவும் வரல, பிரேக்கும் போட்டேன், நிக்கல. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குண்ணே, நெசமா அடிச்சேனா, அடிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு. எம் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்குறா. நீங்க அவர்கூடவே இருந்தவுக. அதான் கேக்குறேன்."

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு போதும். என் வாயிலிருந்து வந்தது இது: "நல்லாக் கேக்கும். பூ மார்க்கெட்ல ஏலம் எடுக்கிறவன்யா அவன்."

அவன் வால்வை உருட்டுவதை நிறுத்தினான். "அப்பச் சரிண்ணே. நாந்தான் அடிக்கல போல" என்றான். வால்வை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அன்றைக்கு ஆரம்பித்தது மாப்ள, உன் குரல் மாறிவிட்டது. மணியும் வளையமும் சொல்வதில்லை இப்போது. நான் யாரிடம் எதைப் பேசினாலும் முடிவில் இடது பக்கமிருந்து, "எம்பதா?" என்கிறாய். வங்கிக்காரரிடம் பேசினால், எம்பதா? சாமி கும்பிட்டால், எம்பதா? சரியாகக் காதில் விழவில்லை, திருப்பிச் சொல் என்கிற மாதிரி. எத்தனை பொய்யைத்தான் நான் திருப்பிச் சொல்ல?

போன திங்கள்கிழமை கயல் வந்தாள். மார்க்கெட்டில் உன் இடத்தில் அவள்தான் நிற்கிறாள், தெரியுமா? நல்ல சூட்டிகை. ஏலத்தில் அவள் குரல் கேட்டால் பழைய ஆட்களே ஒதுங்குகிறார்கள். ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். "அப்பா பீரோவ ஒழுங்கு பண்ணுனோம். இது ஒங்க கிளப் சாமான்தான மாமா?" உள்ளே உன் காதுமூடி.

அவள் கிளம்பப் போனவள் நின்று, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இதுல ஒரு பக்கம் பஞ்சு நைஞ்சு பிஞ்சு போயிருக்கு. இந்த வலது பக்கம் மட்டும் கடையில வாங்குனது மாதிரி அப்படியே இருக்கே. ஏன் மாமா?"

"கவனிக்கலயேத்தா" என்றேன். காதுமூடியை என் முன்னால் வைத்தாள். அப்புறம், "அப்பா ஃபோன எப்பவும் இடது காதுலதான் வைப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்? நான் சொல்வேன் என்று காத்திருக்கிறாளா?

மேசைமேல் அந்தக் காதுமூடி இன்னும் இருக்கிறது. நைந்த பக்கமும் புதுப் பக்கமும். இதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை.

நேற்று ஞாயிறு. தனியாகக் கிளப்புக்குப் போனேன். பாயை இடது பக்கம் விரித்துவிட்டேன், பழக்கம். ஸ்பேனர் போட்டுப் பிரேக்கைக் கழற்றினேன். இறுகிப்போய் இருந்தது, கழன்று வந்தபோது உள்ளே கரி. வெறும் குழலோடு படுத்துச் சுட்டேன். உடைந்து சேர்ந்த எலும்பில் கட்டை வந்து மோதியது. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. மூச்சு திரும்பியதும் என்னையறியாமல் வாய் கேட்டது: "எம்புதா?"

சுவர்ப் பக்கம் சத்தமில்லை. ஒரு வருஷத்தில் முதல் முறை நீ ஒன்றும் சொல்லவில்லை. வெறும் பாய்தான் கிடந்தது, அதன்மேல் ஒரு எறும்பு. நீ போய்விட்டாயா, இல்லை கேட்டுக்கொண்டிருக்கிறாயா? எதுவென்றாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்னும் ஐந்து தோட்டா சுட்டேன். எங்கே பட்டது என்று பார்க்கவில்லை.

மாப்ள, சத்தியத்தை உடைக்கப் போகிறேன். நாளைக் காலையில் ஏலம் முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய்க் கயலைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போவேன். காதுமூடியைத் தங்கச்சி முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். தள்ளச் சொன்னது நான் என்பதையும், தெரிந்த பிறகும் சுட்டேன் என்பதையும் சொல்வேன். தங்கச்சி இனி என் முகத்தில் முழிக்காமல் போகலாம். கயல் மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தலாம். நிறுத்தட்டும்.

அங்கிருந்து நேரே சாணார்பட்டி. வேலுச்சாமியை அவன் வீட்டு வாசலில், அவன் பொண்டாட்டி கேட்க, அக்கம்பக்கத்தார் கேட்கக் கூப்பிட்டு, "நீ ஹாரன் அடிச்சய்யா. மூணு தடவையும் அடிச்ச. அவனுக்குக் கேக்காது" என்று சொல்வேன். வழக்கில் கூப்பிட்டால் கூண்டில் ஏறியும் சொல்வேன். உனக்குக் காதில்லை என்று மார்க்கெட்டுக்கே தெரியப் போகிறது. கோபித்துக்கொள். இனி உன்னிடம் விலையை மாற்றிச் சொல்ல ஒருத்தனாலும் முடியாது.

நாளை வேனில் இடது சீட்டு காலியாகத்தான் இருக்கும். நீ உட்கார்வதானால் அங்கே வேண்டாம், உனக்குக் கேட்காது. பின்சீட்டில், எனக்குப் பின்னால் உட்கார்ந்து முன்னால் சாய்ந்துகொள். அங்கே இப்போது ரைஃபிள் பெட்டி இல்லை.

இந்தத் தடவை சரியாகக் கேட்டுக்கொள் மாப்ள. எம்பது இல்லை. எம்புது. தோளே போகிற மாதிரி எம்புது. எனக்கு மட்டும்தான் எம்புது.

உன் வலது பக்கம் படுத்துச் சுட்ட
மாப்ள பெருமாள்